காதில் விழாத பேர்

நாய் வளர்க்கும் ஆசை மனோகரனுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. சந்திரகலா கேட்டாள், அவன் சரி என்றான். அவ்வளவுதான் நடந்தது.

தேரடி வீதியில் அவன் வேலை பார்த்த ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. சந்திரகலா அங்கே ஹையர் பாஸ் செய்துவிட்டு, புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காலையில் மிஷின்கள் ஒன்றாகத் தட்டத் தொடங்கினால் தகரக் கூரையில் மழை இறங்கியது போல இருக்கும். அந்த மழையில் அவள் மிஷின் எது என்று மனோகரன் தனியாகப் பிரித்துக் கேட்பான். துணியை விரித்த கை அப்படியே நிற்கும். வாடிக்கைக்காரர்கள் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் விலை சொல்வான்.

அந்த வருஷம் ஆடி மழையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. கறுப்பும் செவலையுமாக இருந்தவற்றை அக்கம்பக்கத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஒன்று மட்டும் மிஞ்சியது. உடம்பெல்லாம் வெள்ளை, மூக்கு நுனிகூடக் கறுப்பில்லாமல் வெளுத்த ரோஜா நிறம். வயிறு பானையாக வீங்கியிருந்தது. வாலில் முடி கொட்டிச் சொறி பிடித்திருந்தது. பீளை கட்டிய கண்களைத் துடைத்துப் பார்த்தால் உள்ளே நீலத்தில் பால் ஊற்றியது போல ஒரு நிறம். தாய்கூட அதை விட்டுவிட்டு மார்க்கெட் பக்கம் போய்விட்டது. கோணியில் போட்டு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வரும்படி கடை முதலாளி ஆளிடம் சொல்லிவிட்டார்.

சந்திரகலா குட்டியைத் தாவணித் தலைப்பில் ஏந்திக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றாள். யாராவது எடுத்துக்கொள்ள மாட்டீர்களா என்று பொதுவாகத்தான் கேட்டாள். மனோகரனுக்குத் தன்னைப் பார்த்துக் கேட்டது போல இருந்தது. "நான் எடுத்துக்கறேங்க" என்று யாரோ சொன்னார்கள். அது தன் குரல்தான் என்பது கொஞ்சம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது.

அவனோடு துணி கிழிக்கும் ஜானி பாஷா, அவன் ரூமில் அவனுக்கே கால் நீட்ட இடமில்லை என்று நினைவுபடுத்தினான். சந்திரகலா என்ன பேர் வைக்கப்போகிறீர்கள் என்று கேட்டாள். மனோகரன் யோசித்துவிட்டு, சீசர் என்றான்.

"பேரக் கேட்டா அரமனையில இருக்கணும்" என்றான் ஜானி. "ஆளப் பாத்தா கருவாடு."

எல்லோரும் சிரித்தார்கள். சந்திரகலாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மனோகரன் அன்று முழுவதும் வைத்திருந்தான்.

பேர் மாற்றி வைப்பதில் அவன் பழகியவன். மனோகரன் என்பதே அவன் தனக்கு வைத்துக்கொண்ட பேர்தான். மலை சுற்றும் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலையில் அவனைக் கேட்டால் அப்படி ஒருவனை யாருக்கும் தெரியாது. அங்கே அவன் மண்ணாங்கட்டி.

அவனுக்கு முன்னால் அவன் அம்மா கன்னியம்மாளுக்குப் பிறந்த பிள்ளைகள் எதுவும் தங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஆசை ஆசையாகச் சாமி பேர் வைத்தாள், ஒவ்வொன்றும் பல் முளைப்பதற்குள் போய்விட்டது. அடுத்து இவன் பிறந்தபோது ஊரில் பெரியவர்கள், இதற்காவது ஒன்றுக்கும் உதவாத பேராக வை, எமன் காதில் விழாது, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான் என்றார்கள். அப்படி வந்ததுதான் அந்தப் பேர். அதனால்தான் பிழைத்தான் என்பதில் கன்னியம்மாளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஒளித்து வைக்க வேண்டிய பேரை அவள் ஊர் கேட்கக் கூப்பிடுவாள். தெருக்கோடியிலிருந்து அவள் கூப்பிட்டால் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

பள்ளிக்கூடத்தில் அது வேறு விதமாகக் கேட்டது. ஆஜர் எடுக்கும்போது வாத்தியாரே கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வார். பையன்கள் உழவு நிலத்திலிருந்து மண்கட்டியை எடுத்து அவன் முதுகில் எறிந்து, உன் தம்பிடா, எடுத்துக்கோ என்பார்கள். டவுனில் வேலை கேட்டு வந்த அன்றைக்கு முதலாளி பேர் என்னப்பா என்றார். மனோகரன் என்று சொல்ல அவனுக்கு ஒரு மூச்சு நேரம்கூடத் தேவைப்படவில்லை. பல வருஷமாக நாக்கு நுனியில் வைத்திருந்தது போல வந்துவிட்டது.

அம்மாவிடம், கடைக்கு வந்துவிடாதே, முதலாளிக்குப் பிடிக்காது என்று சொல்லி வைத்திருந்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலை சுற்றுகிறவர்களுக்கு வேகவைத்த வேர்க்கடலை, ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, விற்பவள் அவள். வீட்டுக்கு வரும்போது பார்த்துக்கொண்டால் போதும் என்று அவளும் இருந்துவிட்டாள். ஊரிலிருந்து அவன் கொண்டுவந்த சோற்றுத் தூக்கு ஒன்றுதான் ஆபத்து. எவர்சில்வர் தூக்கு. வாங்கின கையோடு பாத்திரக் கடையிலேயே கன்னியம்மாள் அதில் பேர் வெட்டி வாங்கியிருந்தாள், புள்ளி புள்ளியாக, நாலு எழுத்துக்குப் பதில் இவ்வளவு நீளமா என்று வெட்டுகிறவன் அலுத்துக்கொள்ள. கடையில் மனோகரன் அதை எப்போதும் பேர் சுவரைப் பார்க்கும்படி வைப்பான்.

*

குட்டியைப் பிழைக்க வைப்பது லேசாக இல்லை. குடித்த பாலை அங்கேயே கக்கியது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினால் அதையும் நக்கி அதையும் கக்கியது. மனோகரன் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் சொறிக்குக் களிம்பும் கொடுத்தார். பிறகு அதன் கண்ணை விரித்துப் பார்த்தார். அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பளீரென்று கை தட்டினார். வாசலில் கட்டியிருந்த பசு மிரண்டு கயிற்றை இழுத்தது. குட்டி கொட்டாவி விட்டது.

"முழு வெள்ளையா, இந்த மாதிரிக் கண்ணோட பொறக்கறதுங்க சிலதுக்குக் காது கேக்காது" என்றார் டாக்டர். "இப்பவே உறுதியாச் சொல்ல முடியல. வளரட்டும், பாக்கலாம்."

கடைக்குத் திரும்பினபோது சந்திரகலா படியிலேயே காத்திருந்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். நல்ல ஜாதி நாய் என்று சொன்னார் என்றான் மனோகரன். பொய்யாகச் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைக் குறைக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் இருந்தது. எல்லோரும் வேண்டாம் என்று தள்ளின குட்டியை இவன் எடுத்தான் என்பது வேறு. கடைசியில் அது செவிட்டுக் குட்டி என்பது வேறு. முன்னதில் கொஞ்சம் பெருமை உண்டு. பின்னதில் ஜானி பாஷாவின் சிரிப்புதான் உண்டு.

ரூமில் தட்டைத் தரையில் போட்டுப் பார்த்தான். திரும்பியது. அவனுக்கு உயிர் வந்தது. தலையணை மேல் வைத்துத் தட்டினான். திரும்பவில்லை. தரையின் அதிர்வுதான் அதைத் திருப்பியது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் முதல் தடவை திரும்பியதை மட்டும் நம்பினான்.

வயிறு வற்றி, சொறி ஆறி, ஓட ஆரம்பித்த பிறகு ஒருநாள் காலையில் அது வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. சீசர் என்று கூப்பிட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரும்பவும் கூப்பிட்டான். பக்கத்துப் போர்ஷன் பெண்கள் வாளியோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். நாலைந்து தடவை கூப்பிட்டு, வேண்டுமென்றே திமிராக உட்கார்ந்திருக்கிறது என்று கோபம் தலைக்கேறி, காலில் இருந்த செருப்பைக் கழற்றி வீசிவிட்டான்.

அது துள்ளி விழுந்து அலறியது. சுற்றும் முற்றும் பார்த்தது. அடி எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியவில்லை. மனோகரனைக் கண்டதும் வாலைக் குழைத்துக்கொண்டு ஓடிவந்து அவன் கால்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது. எவன் அடித்தானோ அவனிடமே வந்து நடுங்கியது.

அன்றைக்கு அவனுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் அதைப் பேர் சொல்லிக் கூப்பிடவில்லை. கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுவான். உயர்ந்த கையைக் கண்டால் அது எங்கிருந்தாலும் பறந்து வரும். வந்தால் ஒரு துண்டு பன் கிடைக்கும். பார்க்கிறவர்களுக்கு அது பெரிய பழக்கமாகத் தெரிந்தது. வாயைத் திறக்காமல் கைச் சாடையிலேயே நாயை ஆட்டி வைக்கிறான் என்று முதலாளியே மெச்சினார். மனோகரன் மறுக்கவில்லை.

*

தீபத் திருவிழாத் தேரன்று கடைக்காரர்கள் சங்கத்தில் அதிர்வேட்டு வைத்தார்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் கடைக் கண்ணாடிகள் நடுங்கின. வீதி நாய்கள் வாலை இடுக்கிக்கொண்டு சந்துகளில் மறைந்தன. ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டு துணிக் கட்டுகளுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டார். சீசர் கடைப்படியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வேட்டுப் புகை அதன் மூக்கில் ஏறியதும் ஒரு தும்மல் போட்டுவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தது.

அதைப் பார்த்த கூட்டம் அசந்துபோனது. இவ்வளவு நெஞ்சழுத்தமான நாயை நான் கண்டதில்லை என்றார் முதலாளி. இனிமேல் அது கடையிலேயே இருக்கட்டும், ராத்திரிக் காவலுக்கு ஆகும், பாலுக்கு நான் தருகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கருவாடு என்று சொன்ன ஜானியே, சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன் என்றான். சந்திரகலா மாடிப்படியில் நின்றிருந்தாள்.

"உங்கள மாதிரியே" என்றாள். "சத்தமே இல்ல. ஆனா பயமும் இல்ல."

அவனுக்குக் காது மடல் சுட்டது. இல்லைங்க, அதுக்குக் காது கேக்காது என்று சொல்ல அது ஒன்றும் பெரிய வாக்கியம் இல்லை. டைப் அடித்தால் அரை வரிகூட வராது. அவன் குனிந்து நாயின் முதுகைத் தடவிக் கொடுத்தான்.

தீபத்தன்று பிற்பகலிலேயே வீதி கொள்ளாத கூட்டம். சந்திரகலா விளக்கேற்றச் சீக்கிரம் வீட்டுக்குப் புறப்பட்டவள், கடைப்படியில் அவனோடு கொஞ்சம் நின்றாள். பேச்சு கூட்டத்தின் சத்தத்தில் அமுங்கிப் போகாமலிருக்க அவன் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் பேசினாள். மாடியில் இருந்து பார்த்தால் உச்சித் தீபம் நன்றாகத் தெரியும், அடுத்த வருஷம் எல்லோரும் அங்கிருந்தே பார்க்கலாம் என்றாள். அடுத்த வருஷம் என்ற சொல்லை மனோகரன் இனிப்பு மாதிரி வாயில் அடக்கிக்கொண்டிருந்தான்.

அப்போது எதிர்வரிசையில், வளையல் கடை ஓரமாக, அம்மா நிற்பதைப் பார்த்தான்.

தலையில் மல்லாட்டைக் கூடை. மலைப்பாதையை விட டவுனில் சீக்கிரம் விற்குமென்று வந்திருப்பாள். வந்த இடத்தில் பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாமென்று தோன்றியிருக்கும். கூட்டத்தைத் தாண்டி வர முடியாமல் அங்கிருந்தே கூப்பிட்டாள்.

"மண்ணாங்கட்டி."

அந்தக் குரலை இந்தக் கூட்டம் என்ன, இன்னொரு மடங்கு கூட்டம்கூட அமுக்க முடியாது. வளையல் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். மனோகரன் மலையைப் பார்த்தான்.

"எப்பா, மண்ணாங்கட்டி."

சந்திரகலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "யாரையோ கூப்புடறாங்க பாருங்க. மண்ணாங்கட்டியாம். இப்படிக்கூடவா பேரு வெப்பாங்க?"

மனோகரனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவன் தொண்டையிலிருந்துதான் வந்தது. வேறு யார் மேலும் பழி போட முடியாது.

மூன்றாவது தடவை கன்னியம்மாள் ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டிக்கொண்டே கூப்பிட்டாள். மகன் பார்க்கவில்லை. படியில் படுத்திருந்த சீசர் தலையைத் தூக்கியது. வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு கை உயர்ந்து ஆடுவது அதற்குத் தெரிந்தது. உயர்ந்த கை என்றால் போகவேண்டும். அது படியிறங்கி ஓடியது.

கோயில் பக்கமிருந்து ஒரு ஜட்கா வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரன் காலால் மணியை அமுக்கினான், கத்தினான், கடிவாளத்தையும் இழுத்தான். வழியில் நின்ற சனங்களெல்லாம் விலகினார்கள். நாய் விலகவில்லை. மனோகரன் தன்னை மறந்து சீசர் என்று கத்தினான். கத்தின பிறகுதான் அதனால் என்ன பிரயோஜனம் என்று நினைவு வந்தது. சக்கரம் அதன் பின்னங்கால் மேல் ஏறி இறங்கியது.

அவன் படியிலேயே நின்றுவிட்டான். ஓடியது கன்னியம்மாள்தான். கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். மல்லாட்டை வீதியெங்கும் சிதறி உருண்டது. நாயை வாரி எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அது யாருடைய நாய் என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஜட்காக்காரன் இறங்கி எல்லோரிடமும் முறையிட்டான்: மணி அடிச்சேன், சத்தம் போட்டேன், அது இன்னா செவிட்டு நாயா? கடை முதலாளி படிக்கு வந்தார். அதிர்வேட்டுக்கு அசையாத வீரத்தின் கதை அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மனோகரனை ஒரு பார்வை பார்த்தார்.

கன்னியம்மாள் நாயோடு படியருகில் வந்தாள். அப்போதுதான் மகனை நேருக்கு நேர் கண்டாள்.

"இங்கதான் நிக்கறியா? எத்தினி வாட்டி கூப்புட்டேன்" என்றாள். குரலில் துளிக் கோபம் இல்லை. "காது கேக்கலியா கண்ணு?"

சந்திரகலா பக்கத்தில் நின்றாள். முகத்தில் பழைய சிரிப்பு இன்னும் முழுசாகக் கலையவில்லை. ஜானி தண்ணீர்ச் சொம்போடு நின்றான். கேட்டுச்சும்மா என்று சொன்னால் கேட்டும் ஏன் வரவில்லை என்று சொல்லவேண்டும். மனோகரன் கையைத் தூக்கிக் காதைத் தொட்டான். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினான்.

அம்மாவின் முகம் மாறியதை அவன் பார்த்தான். சின்ன வயதில் அவனுக்குக் காதில் சீழ் வடிந்து, பல மாதம் பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றி அவள் ஆற்றிய காது அது. நாயின் ரத்தம் பட்ட விரலைச் சேலையில் துடைத்துவிட்டு அவன் காதைப் பிடித்துத் திருப்பி உள்ளே பார்த்தாள். மறுபடி சீழ் வருதா, எத்தினி நாளா கேக்கல, எங்கிட்ட சொல்லக் கூடாதா என்று, செவிடனுக்குச் சொல்வது போல ஒவ்வொரு சொல்லையும் உரக்கச் சொன்னாள். வீதியே கேட்டது.

சந்திரகலாவின் காதிலும் விழுந்தது. இவ்வளவு நேரம் அவள் தாழ்ந்த குரலில் சொன்னதெல்லாம் கேட்டவனுக்கு அம்மா கூப்பிட்டது மட்டும் எப்படிக் கேட்காமல் போனது என்பதை அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மண்ணாங்கட்டி யார் என்பதையும்தான். அவள் படியிறங்கி, தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, வீதியில் கிடந்த மல்லாட்டையைப் பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தாள். கால்கள் மிதித்துப் போனது போக மிச்சத்தைப் பொறுக்கிக் கூடையைக் கன்னியம்மாளிடம் கொடுத்து, உக்காருங்கம்மா, தண்ணி குடிங்க என்றாள். பிறகு மனோகரன் பக்கம் திரும்பாமலே கூட்டத்தில் கலந்துபோனாள்.

அன்றைக்கு உச்சியில் தீபம் ஏறியபோது வீதியில் எழுந்த அரோகராச் சத்தத்தில் மனோகரன் தலை நிமிரவில்லை.

*

நாயைக் கன்னியம்மாளே ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனாள். செவிட்டு நாய் காவலுக்கு எதற்கு என்று முதலாளி கையை விரித்துவிட்டார். அவனை வேலையை விட்டு நிறுத்தவில்லை, ஆனால் அவன் எதைச் சொன்னாலும், நெசமா என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டார். சந்திரகலா படியேறும்போது நாயைப் பற்றி ஜானியிடம் விசாரித்தாள். மேலே மிஷின்கள் தட்டின. அதில் எது அவளுடையது என்று கேட்க இப்போது அவன் காது கூசியது.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் ஜானி அவன் தூக்கை எடுத்து, பேர் தெரியும்படி திருப்பி வைத்தான்.

"எனக்கு மொதல்லயே தெரியும்டா" என்றான். "நீதான் மனோகரன்னு சொன்னே. சரி, ஆசப்படறான், இருந்துட்டுப் போவட்டும்னு நானும் கூப்டுகினு இருந்தேன். பேர மாத்திக்கறது ஒண்ணும் தப்பில்ல." கொஞ்சம் நிறுத்தி, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "அந்த நாய்க்கு நெசமாவே கேக்கல. அதனால அதுக்கு வெக்கமில்ல."

ஊர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் மூலமாக, காது எப்படி இருக்கிறது என்று அம்மா கேட்டு அனுப்பிக்கொண்டே இருந்தாள். மார்கழி பிறந்த பிறகுதான், ஒரு கடை லீவன்று, அவன் அடி அண்ணாமலைக்குப் போனான். தெரு முனையில் அவன் தலை தெரிந்தாலே கூப்பிடும் அம்மா அன்றைக்குக் கூப்பிடவில்லை. வாசலில் நின்று கையை உயர்த்தி ஆட்டினாள்.

நாய் மூங்கில் பத்தை வைத்துக் கட்டின காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் வளைய வந்தது. உடம்பில் சதை பிடித்திருந்தது. கன்னியம்மாள் அதற்குப் பேர் எதுவும் வைக்கவில்லை. அது மேட்டுப் பக்கம் போனால் தரையைக் காலால் ஓங்கி உதைப்பாள், அது திரும்பிப் பார்த்து நொண்டிக்கொண்டு வரும். அவனை அது மறந்திருக்கவில்லை. கால்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது.

சோறு போட்டதும் அம்மா அவனைப் பாயில் இழுத்து, தலையை மடியில் சாய்த்து, பூண்டுப்பல் போட்டுக் காய்ச்சின நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காதில் விட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஒரு காது நிறைந்து அடைத்தது. மேல் பக்கமிருந்த காது மட்டும் திறந்திருந்தது. பக்கத்து வீட்டு ராஜம்மாள் வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். எப்படி இருக்கான் என்று கேட்டாள்.

அவனுக்குத்தான் கேட்காதே என்று, அவன் தலைக்கு மேலேயே கன்னியம்மாள் பேசினாள்.

"எல்லாம் என்னால வந்ததுதான், ராஜம்மா. எமன் காதுல விழக் கூடாதுன்னு அந்தப் பேர வெச்சேன். இப்ப எம்புள்ள காதுலயே விழாமப் போச்சு."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் விரல்கள் அவன் முடியைக் கோதிக்கொண்டிருந்தன. எண்ணெய் நெடியும் பூண்டு நெடியும் மூக்கில் ஏறின. இன்னும் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் இந்தப் பேச்சு முடிந்துவிடும், சாயங்காலம் பஸ் வந்துவிடும், சில நாளில் காது சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பிவிடலாம். மாரியாத்தா காப்பாத்திட்டா என்று அவளும் நம்பிவிடுவாள். எல்லாம் சுலபமாகத்தான் இருந்தது.

"கேக்குதும்மா" என்றான்.

விரல்கள் நின்றன.

"அன்னிக்கும் கேட்டுச்சு. மூணு வாட்டியும் கேட்டுச்சு."

ராஜம்மாள் எழுந்து, அடுப்பில் ஏதோ வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள். கன்னியம்மாள் அவன் தலையை மடியிலிருந்து தள்ளிவிடவில்லை. முந்தானையால் அவன் கன்னத்தில் வழிந்த எண்ணெயைத் துடைத்தாள். "அந்தப் பொண்ணு நின்னுச்சே, அதுக்காவா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றான்.

"நல்ல பொண்ணு. மல்லாட்டைய எல்லாம் பொறுக்கிக் குடுத்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், உன்னை என்ன பாடுபட்டுப் பிழைக்க வைத்தேன் என்று கணக்குச் சொல்லியிருக்கலாம். எதற்காவது அவன் பதில் சொல்லியிருப்பான். அவள் எழுந்து உள்ளே போய், மஞ்சள் துணியில் முடிந்திருந்த ஒன்றை எடுத்து வந்து பிரித்தாள். வெள்ளித் தகட்டில் அடித்த ஒரு காது. கோயில் வாசலில் விற்பார்களே, வேண்டிக்கொண்டு உண்டியலில் போட, அது.

"தை பௌர்ணமிக்குப் போட்டுடலாம்னு வாங்கி வெச்சேன்" என்றாள். அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு காலடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தாள். "சாமிக்குன்னு வாங்கினத வீட்டுல வெச்சுக்கக் கூடாது. இதும் பேர்ல போட்டுடறேன். இதுக்குத்தான் நெசமாத் தேவ."

நாய் தன்னைப் பற்றிப் பேசுவது தெரியாமல் கட்டின காலை நக்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அவன் கிளம்பினான். எப்போதும் அவன் ரோட்டுக்குப் போய்ச் சேரும்வரை, அதை மறந்துட்டியா, இதை எடுத்தியா என்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். தெருப் பையன்கள் சிரிப்பார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடப்பான். இன்றைக்கு மெதுவாக நடந்தான். ஒரு சத்தமும் வரவில்லை. காதில் எண்ணெய் அடைத்திருப்பதால் கேட்கவில்லையோ என்று நின்றுகூடப் பார்த்தான்.

பஸ் நிற்கும் இடத்தில் பின்னாலிருந்து தோளில் ஒரு கை பட்டது. அம்மா. மூச்சு வாங்க ஓடிவந்திருந்தாள். கையில் அவன் விட்டுவிட்டு வந்த தூக்கு.

"ஓடியாறியே, அங்கிருந்து கூப்புட்டிருக்கலாம்ல?" என்றான்.

அவள் தூக்கை நீட்டினாள்.

"கூப்புடும்மா" என்றான்.

"பக்கத்துலதான நிக்கற" என்றாள் கன்னியம்மாள். "பக்கத்துல நிக்கறவன எதுக்குக் கூப்புடறது?"

பஸ் வந்துவிட்டது. சன்னலோரம் உட்கார்ந்து அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள். பாதித் தெருவில் காலால் தரையை உதைத்தாள். வேலியோரமிருந்து நாய் வெளியே வந்து அவளோடு நொண்டிக்கொண்டு போனது.

தூக்கு அவன் மடியில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பொழுது போகாமல் அதில் வெட்டியிருந்த புள்ளி எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தார். படித்து முடித்துச் சிரித்துக்கொண்டே, யார் பேருப்பா இது என்று கேட்டார்.

"என் பேருதாங்க" என்றான் மண்ணாங்கட்டி.

காது அடைத்திருந்ததால் தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.